நாகமலை அடிவாரத்தில் ஒரு நாற்றங்கால்

மதுரையிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே போனால், நாகமலைப் புதுக்கோட்டையை நெருங்கும்போது தெற்கே ஒரு பாறைக்குன்று தெரியும். கீழக்குயில்குடி ஊரை ஒட்டி நிற்கும் சமணர் மலை அது. அங்கே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிலையைச் செய்வித்தவரின் பெயரோடு, அவர் யாருடைய மாணாக்கர் என்பதையும் அவற்றில் பல சொல்கின்றன. குணசேனதேவரின் மாணாக்கர்கள் அங்கே உண்டு. குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் உண்டு. யார் யாரை உருவாக்கினார் என்ற கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த மலை இது.

அந்த மலையின் சுற்றுவட்டாரத்துக் குகைகளுக்குள் 1970களின் பிற்பகுதியில் வேறு ஓர் ஆசிரியரும் மாணவர்களும் நுழைந்தார்கள். ஆசிரியர் எம்.கே. சந்திரசேகரன். மாணவர்களில் ஒருவர் ஜி. மாரிமுத்து. அவர்கள் தேடிப்போனது வௌவால்களை. வெளிச்சமே எட்டாத இருட்டில் தொங்கும் ஒரு வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை உலக அறிவியல் இதழ்களில் வந்தது. அதைத் தேடிய வேலையினூடே ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உருவானார்கள்.

இளம் ஆய்வாளரை ஆய்வுத் தலைவராக வளர்ப்பது எப்படி என்று உலகமெங்கும் இன்று பயிலரங்கு நடத்துகிறார்கள், கையேடு அச்சிடுகிறார்கள். மதுரைக்கு அந்தக் கையேடுகள் வரும் முன்பே அந்த வேலை இங்கே நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது, எதனால் நடந்தது என்பது எழுதி வைக்கப்பட வேண்டிய வரலாறு.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் பிறந்தது. அதுவரை மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. தென்கோடியில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவன் சென்னைக்கோ அண்ணாமலை நகருக்கோ ரயில் ஏற வேண்டியிருந்த காலம். புதிய பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக வந்தவர் பல்கலைச் செல்வர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நடத்தி, இளைஞர்களை அந்தத் துறைக்குள் இழுத்து வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1971இல் அவருக்குப் பின் மு.வரதராசன் வந்தார். முதல் இரண்டு துணைவேந்தர்களும் தமிழறிஞர்கள். அவர்கள் காலத்தில்தான் அறிவியல் துறைகளும் இங்கே வேர்பிடித்தன என்பது மறக்கக் கூடாத செய்தி. 1978இல் பல்கலைக்கழகத்தின் பெயரோடு காமராசர் பெயர் சேர்ந்தது.

நகரத்துக்கு மேற்கே, நாகமலைத் தொடரை ஒட்டிய மானாவாரிப் பூமியில் வளாகம் எழுந்தது. கட்டடங்கள் குறைவு, கருவிகள் அதைவிடக் குறைவு. ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு துணிச்சல் இருந்தது. விலங்கியலாளர் எஸ். கிருஷ்ணசாமி தலைமையில் உருவான உயிரியல் புலத்தில் டி.ஜே. பாண்டியன், எம்.கே. சந்திரசேகரன் போன்றவர்கள் முப்பதுகளில் இருந்தபோதே பெரிய பொறுப்புகளுக்கு வந்தார்கள். நோய் எதிர்ப்பியலுக்கு வி.ஆர். முத்துக்கருப்பன், ஒளிச்சேர்க்கை ஆய்வுக்கு ஏ. ஞானம், மூலக்கூறு உயிரியலுக்குக் குந்தளா ஜெயராமன் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் கிடைத்தார். அவரவருக்கு ஒரு துறை, ஓர் அறை, சில ஸ்காலர்கள். மேலே ஒரு மூத்த பேராசிரியர் உட்கார்ந்து, கீழே இருப்பவர் பத்து வருடம் காத்திருக்கும் பழக்கம் அங்கே இல்லை. புதிய இடம் என்பதால் காத்திருப்பதற்கு வரிசையே இல்லை என்றும் சொல்லலாம்.

இவர்களில் சந்திரசேகரனின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

1937இல் பிறந்த அவர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் எர்வின் பியூனிங்கிடம் போய்ச் சேர்ந்தார். செடிகள் பகலின் நீளத்தைத் தமக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்தைக் கொண்டு அளக்கின்றன என்ற கருத்தை 1936இல் முன்வைத்தவர் பியூனிங். உயிர்களின் உள்கடிகாரம் பற்றிய துறைக்கு அவர் ஒரு மூலவர். அங்கே சந்திரசேகரன் பழ ஈக்களை வைத்து வேலை செய்தார். ஈ கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் நேரத்தை ஒளித்துடிப்புகளால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் நுட்பமான சோதனைகள் அவை. அதற்கு வெப்பநிலை மாறாத அறையும், அளந்து கொடுக்கக்கூடிய வெளிச்சமும் வேண்டும்.

1975இல் மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது 38. டூபிங்கனில் செய்ததையே இங்கே சின்ன அளவில் திரும்பச் செய்துகொண்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பலர் அதைத்தான் செய்கிறார்கள், பாதிக் கருவி வராமலேயே ஓய்வும் பெறுகிறார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். குன்றுகள் இருந்தன, குன்றுகளில் குகைகள் இருந்தன, குகைகளில் ஆயிரக்கணக்கில் இலைமூக்கு வௌவால்கள் தொங்கின. குகையின் ஆழத்தில் இருட்டும் வெப்பமும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஐரோப்பாவில் பெரும் பொருட்செலவில் கட்ட வேண்டிய சோதனை அறையை நாகமலை வட்டாரம் சும்மா கொடுத்தது.

சோதனை எளிமையானது. ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்துக் குகையின் இருட்டில் விட்டார்கள். அதன் அசைவுகள் பதிவாயின. சுற்றிலும் சுதந்திரமாகப் பறக்கும் கூட்டம் இருந்த குகையில், கூண்டு வௌவாலும் கூட்டம் கிளம்பும் நேரத்தில் தினந்தோறும் விழித்துச் சிறகடித்தது. வேறு வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது அதன் நாள் மெல்ல மெல்ல வெளியுலக நாளிலிருந்து விலகிப் போனது. வெளிச்சத்தைப் பார்க்காத வௌவாலுக்குக் கூட்டம் நேரம் சொல்கிறது என்பது தெளிவாயிற்று. இதைச் சொல்லும் கட்டுரை 1981இல் விலங்கு நடத்தைக்கான சர்வதேச இதழ் ஒன்றில் வந்தது. ஆசிரியர் வரிசையில் முதலில் மாரிமுத்து, அடுத்து ராஜன், கடைசியில் சந்திரசேகரன். பட்நாகர் விருதை 1979இலேயே வாங்கிவிட்ட பேராசிரியர், குகைக்குள் இரவுகளைக் கழித்த மாணவனின் பெயரை முன்னால் வைத்தார். ஆய்வுலகில் இந்த வரிசைக்குப் பெரிய பொருள் உண்டு. முதல் பெயர்தான் மேற்கோள்களில் நடமாடும், அடுத்த வேலைக்கான நேர்காணலில் பேசும்.

ஜெர்மனித் தொடர்பும் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வௌவால்களின் செவித்திறனை ஆராய்ந்த கெர்ஹார்ட் நாய்வைலரும் அவர் குழுவினரும் மதுரைக்கு வந்தார்கள். இப்பகுதி வௌவால் இனங்கள் எந்தெந்த ஒலியைக் கேட்கின்றன என்பதை அளந்து 1984இல் வந்த ஆய்வில் நாய்வைலரோடு இந்திய இளைஞர்களும் ஆசிரியர்கள். 1987இல் மாரிமுத்துவும் நாய்வைலரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னொரு வௌவாலைப் பற்றியது. தவளையும் சுண்டெலியும் பிடித்துத் தின்னும் அந்தப் பெருங்காது வௌவால், தரையில் இரை நகரும்போது எழும் ஓசையைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்று காட்டியது அது. ஆறே ஆண்டுகளில் மாரிமுத்து மாணவர் நிலையிலிருந்து சர்வதேசக் கூட்டாய்வில் சமமான பங்காளியாகியிருந்தார். பிற்பாடு அந்தத் துறையை நடத்தியவரும் அவர்தான்.

வளாகத்தில் மனிதர்களுக்கும் ஒரு குகை கட்டினார் சந்திரசேகரன். கடிகாரம், சூரியன், செய்தித்தாள், பேச்சுச் சத்தம் எதுவும் நுழையாத தனியறை அது. தன்னார்வலர்கள் நாட்கணக்கில் அதில் தனியாக வாழ்ந்தார்கள். ஜெர்மனியில் ஆஷோஃப், வீவர் ஆகியோர் 1960களிலேயே இப்படி ஒரு நிலவறை வைத்திருந்தார்கள். மதுரையில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் அதைச் செய்து காட்டியது. தனிமையில் உறக்க விழிப்புச் சுழற்சி விலகிப் போனாலும் பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி அதன் பின்னே போவதில்லை என்ற முடிவு 1991இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஆசிரியர்கள் ஆறு பேர். சந்திரசேகரனோடு எல். கீதா, மாரிமுத்து, சுப்பராஜ், குமாரசாமி, ராம்குமார் என அந்த லேபே அதில் இருக்கிறது.

அடுத்த பொருள் இன்னும் அருகில் கிடைத்தது. சுற்றுவட்டார வயல்களில் ஓடும் சுண்டெலிகள். அவற்றின் உள்கடிகாரத்தை ஆராய்ந்த எம். சிங்காரவேல், இன்று பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் தனி லேப் வைத்திருப்பவர். சந்திரசேகரனோடு சேர்ந்து அந்தச் சுண்டெலிக் கட்டுரைகளை எழுதிய விஜய்குமார் சர்மா, பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் காலவுயிரியல் லேபை வளர்த்தார். 1996இல் சந்திரசேகரனும் அந்த மையத்துக்குப் போனார். பகல் இரவு வேறுபாடே இல்லாமல் 600 தலைமுறைகள் வளர்க்கப்பட்ட பழ ஈக்களும் தம் தாளத்தை இழக்கவில்லை என்ற புகழ்பெற்ற ஆய்வு அங்கிருந்து 1999இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் இளம் ஆய்வாளராக இருந்த ஷீபா வாசு. இப்போது அதே மையத்தில் அவர் ஒரு லேபின் தலைவர். டூபிங்கனில் தொடங்கி மதுரை வழியாகப் பெங்களூருவுக்கும் காசிக்கும் நீளும் இந்த மாணாக்கர் வரிசையைச் சமணர் மலைக் கல்வெட்டு எழுதியவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். சந்திரசேகரன் 2009 டிசம்பரில் மறைந்தார்.

மற்றத் துறைகளிலும் இதே போக்கு, வேறு வேறு வடிவில். முத்துக்கருப்பன் 1979இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் அவர்பாக்கோடு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எலியின் கருவிழியில் புது ரத்த நாளங்கள் முளைப்பதைப் பார்க்கும் முறை பற்றியது. புற்றுநோய்க் கட்டிகள் தமக்கென்று ரத்த நாளங்களை வரவழைத்துக்கொள்வதை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு கருவியாயிற்று. பல்கலைக்கழகப் பணிக்குப் பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதற்குள் மதுரையின் அடையாளமாகியிருந்தது. அதன் ஆய்வுப் பிரிவுக்கு முத்துக்கருப்பன் தலைமையேற்றார். கருவிழி ஓரத்தில் இருக்கும் தண்டுசெல்களை அடையாளம் காணும் முறை பற்றி 2005இல் அங்கிருந்து வந்த முக்கியமான கட்டுரையில் முதல் பெயர் இளம் ஆய்வாளர் அர்பிதாவுடையது. முத்துக்கருப்பன் பெயர் கடைசியில் இருக்கிறது. நடுவில் மருத்துவர்கள் இருவர். பல்கலைக்கழகத்திலிருந்து அரவிந்துக்கு அவரைப் பின்தொடர்ந்து கே. தர்மலிங்கமும் வந்து ஆய்வுக்குப் பொறுப்பேற்றார்.

குந்தளா ஜெயராமன் சென்னைக்குப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்ப மையத்தை உருவாக்கினார். ஞானம் பாரதிதாசன், சென்னை, புதுச்சேரி என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரானார். இங்கிருந்து போன பி. குணசேகரன் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பாண்டியன் மீன்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்து 1984இல் பட்நாகர் விருது பெற்றார். அவரிடம் பிஹெச்.டி. செய்த ஈ. விவேகானந்தன் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் மூத்த விஞ்ஞானியானார். நாற்றங்காலில் பயிர் விளைவதில்லை, பறித்து நடுகிற வயலில்தான் விளைகிறது. மதுரை ஆட்களை வளர்த்து வெளியே கொடுத்துக்கொண்டே இருந்தது. தன் பங்கைக் கணக்கெழுதிக் கேட்கத் தெரியாத பல்கலைக்கழகமாகவும் இருந்துவிட்டது.

உயிர்வேதியியல் பேராசிரியர் ஜே. ஜெயராமன் எடுத்த வழி இன்னொன்று. 1981இல் அவர் ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். புரதத்தை எப்படி அளப்பது, நொதியை எப்படிப் பிரிப்பது என்று படிப்படியாகச் சொல்லும் அந்த ஆய்வகக் கையேடு இந்தியக் கல்லூரிகளில் பல பதிப்பு கண்டது. பெரிய லேப் இல்லாத கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் கைடு. ஆய்வுத் தலைவர்களை வளர்த்த கதையில் விருதுகளுக்குக் கிடைக்கும் இடம் இப்படிப்பட்ட புத்தகங்களுக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம்.

வெளிநாட்டில் நல்ல பெயர் எடுத்தபின் இங்கே திரும்பி வந்து உள்ளூர்ப் பயிரைக் கையில் எடுத்தவர் கே. வேலுதம்பி. 1980களில் அமெரிக்காவில், செடிகளுக்குள் தன் மரபணுவை நுழைக்கும் அக்ரோபாக்டீரியம் பற்றி முக்கியமான கட்டுரைகள் எழுதியவர் அவர். மதுரையில் அவர் லேப் எடுத்துக்கொண்டது உளுந்து. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உளுந்துச் செடியை மஞ்சளாக்கும் வைரஸைப் பிரித்தெடுத்து, அதன் மரபணு வரிசையை அவருடைய மாணவர்கள் படித்தார்கள். மஞ்சள் தேமல் விழுந்த உளுந்துக் காட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த நோயின் டிஎன்ஏவைத் தாங்களே பிரித்துப் படித்தார்கள். அவர்களில் சிலர் பிறகு அமெரிக்க ஆய்வகங்களிலும் வைரஸ் ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

இது அறிவியல் துறைகளோடு முடிகிற கதையும் இல்லை. தொ. பரமசிவன் இந்தப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வின் பொருள் அழகர் கோயில். கோயிலின் கட்டடத்தையும் கல்வெட்டையும் எழுதியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகரோடு வரும் மக்கள், கோயிலோடு ஒவ்வொரு சாதிக்கும் இருக்கும் உறவு, வர்ணிப்புப் பாடல், ஆண்டார்கள், கோடாங்கிகள் என்று கோயிலின் வெளிப்பிராகாரத்துக்கும் அப்பால் போய்க் களப்பணி செய்தார் தொ.ப. பல்கலைக்கழகமே 1989இல் அதை நூலாக வெளியிட்டது. கோயில் ஆய்வு என்றால் என்ன என்பதையே அந்த நூல் தமிழில் மாற்றியது. பின்னாளில் அவர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவரானார். அவரைப் படித்துக் களப்பணிக்குப் போன இளைஞர்கள் தென் மாவட்டமெங்கும் இருக்கிறார்கள்.

சந்திரசேகரனுக்கும் தொ.ப.வுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இருவரும் கேள்வியை நடந்து போகிற தூரத்தில் கண்டுபிடித்தார்கள். கையில் காசு குறைவாக இருக்கும் ஓர் இளம் ஆய்வாளர் தலைவராக வளர அதுவே முதல் படி என்று மதுரையின் அனுபவம் சொல்கிறது. அருகிலிருக்கும் பொருளை நன்றாக ஆராய்ந்தவரைத் தேடி உலகம் வருகிறது. நாய்வைலர் மூனிக்கிலிருந்து வௌவாலுக்காகத்தான் வந்தார்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் கைடின் குணத்தைப் பொறுத்திருந்தது. நல்ல கைடு வாய்த்தவருக்குப் பெயர் முன்னால் வந்தது. வாய்க்காதவருக்குச் சினாப்சிஸ் கையெழுத்துக்கே மாதங்கள் போயின. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்து, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் திணறிய ஸ்காலருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது யாருடைய கடமை என்று எந்த விதியும் சொல்லவில்லை. பெண்கள் எண்ணிக்கையில் குறைவு, திருமணத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள் இன்னும் குறைவு. லேப் நடத்துவது, பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது, மாணவரோடு வரும் மனத்தாங்கலைத் தீர்ப்பது ஆகியவற்றை யாரும் சொல்லித்தரவில்லை. கைடைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் ஒரே வழி. கைடிடம் கெட்ட பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் குறை மதுரைக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் பிற நாடுகள் இதற்கென்று முறைகளை உருவாக்கின. பிரிட்டனில் 2002இல் வந்த ராபர்ட்ஸ் அறிக்கை, ஆய்வு மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் பணித்திறன் பயிற்சி வேண்டும் என்றது. அரசு அதற்குப் பணமும் ஒதுக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பரோஸ் வெல்கம் நிதியமும் சேர்ந்து, புதிதாக லேப் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சி நடத்தின. அந்தப் பாடங்கள் 2004இல் புத்தகமாக வந்தன. ஆள் எடுப்பது, நேரத்தைப் பங்கிடுவது, மாணவரை வழிநடத்துவது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இளையவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி விருது, 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் ஃபெலோஷிப்புகள் என்று வழிகள் திறந்தன. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்திலும் யுஜிசியின் வலையமைப்பு மையம் ஒன்று அமைந்து, மற்றக் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. தன் லேப் கதவை அக்கம்பக்கத்துக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்ட நல்ல ஏற்பாடு அது.

ஆனால் ஃபெலோஷிப் என்பது சில வருடங்களுக்கான பணம். அது முடியும்போது அந்த இளைஞரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். அந்த இடத்தில்தான் மதுரை இப்போது தடுமாறி நிற்கிறது. நிதி நெருக்கடியும், மாதச் சம்பளமே தாமதமாகும் நிலையும் அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்துவிட்டன. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல நிரப்பப்படவில்லை. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்பு நடத்தலாம். ஆய்வுப் பரம்பரையை நடத்த முடியாது. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவரால் ஐந்து வருடப் பிஹெச்.டி.க்கு எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

1970களில் மதுரை செய்ததைத் திரும்பச் செய்வதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் தேவையில்லை. முப்பதுகளில் இருக்கும் ஆட்களைத் தகுதி பார்த்து எடுக்க வேண்டும். வந்த முதல் ஆண்டே ஓர் அறையும் தொடக்க நிதியும் கொடுக்க வேண்டும். மாணவரின் பெயரை முன்னால் வைக்கும் கைடுகளைப் பதவி உயர்வில் மதிக்க வேண்டும். அன்றைக்கு இல்லாத முறையான பயிற்சியையும் இன்று இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இதைச் செய்ய வேண்டியது தமிழக அரசும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவும். கேட்க வேண்டியவர்கள் தென் மாவட்ட மக்கள். பல்கலைக்கழகம் அவர்களுடைய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

யுஜிசி விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பிஹெச்.டி. மாணவர்கள் வரை வழிநடத்தலாம். நிரப்பாமல் விடப்படும் ஒவ்வொரு பணியிடத்தோடும் அந்த நான்கு பேரின் இடமும் சேர்ந்தே போகிறது.